மூணு லிட்டர் கோலாவும் ஒரு பனங்கிழங்கு உருண்டையும்

அல்சர் முற்றிப்போய் 2016-ல் என் இரைப்பையின் கீழ்ப்பகுதியை எடுத்துவிட்டு, மிச்சத்தைச் சிறுகுடலோடு சேர்த்துத் தைத்தார்கள். அமிலத்தைச் சுரக்கவைக்கும் நரம்பையும் அப்போதே வெட்டியாயிற்று. இனிப்பு தின்றால் அரை மணி நேரத்துக்குள் படபடப்பும் வியர்வையும் வரும், அதற்கு டம்பிங் என்று பேர், முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். மற்றபடி ஓடிக்கொண்டுதான் இருந்தது.

போன தை கழிந்து ஒரு மாதம் இருக்கும். நாலு வாய் சோறு இறங்கினாலே வயிறு கல்லு மாதிரி ஆகிவிடும். ராத்திரி வாந்தி எடுத்தால் முந்தாநாள் கீரை அப்படியே வரும். வாய் நாற்றம் வேறு. மூன்று வாரம் கேஸ் மாத்திரையை விழுங்கிக்கொண்டு இருந்தது என் மடத்தனம். ஆறு கிலோ இறங்கியதும் புற்றுதான் என்று முடிவே கட்டிவிட்டேன்.

எண்டோஸ்கோபியில் பச்சையும் பழுப்புமாக, எலுமிச்சம்பழத்தைவிடப் பெரிசாக ஓர் உருண்டை. டாக்டர் "என்ன விரும்பிச் சாப்பிடுவீங்க?" என்றார். நான் வாயைத் திறக்குமுன் என் மனைவி, "பனங்கிழங்கு சார், ஒரு கட்டு வாங்கினா மறுநாளைக்கு மிஞ்சாது" என்று போட்டுக்கொடுத்துவிட்டாள். கடைவாய்ப் பல் நாலு எனக்கு இல்லை. அரைபடாத நார் உள்ளே போய், கரைக்க அமிலமும் இல்லாமல், தள்ளிவிட வயிற்றுக்கு வலுவும் இல்லாமல், ஒன்றோடொன்று பின்னிக் கட்டியாகியிருக்கிறது. பெசோர் என்கிறார்கள். ஆட்டு வயிற்றில் கிடைக்கும் இதே மாதிரிக் கல்லை அந்தக் காலத்தில் விஷமுறிவு என்று ராஜாக்கள் காசு கொடுத்து வாங்கினார்களாம், நம்முடையதை யார் வாங்குவது!

மருந்து என்னவென்றால் கோலா. கிண்டல் பண்ணுகிறார் என்றே நினைத்தேன். டம்பிங் இருப்பதால் சர்க்கரை இல்லாதது, 12 மணி நேரத்தில் மூன்று லிட்டர், வார்டில் படுக்கவைத்து. அதன் புளிப்பும் குமிழியும் நாருக்குள் புகுந்து இளக்குமாம். ஏப்பம் விட்டு விட்டே விடிந்தது. அப்புறம் எண்டோஸ்கோபி வழியாகச் சுருக்குக் கம்பி விட்டு, இரண்டு தடவையாகத் துண்டாக்கி எடுத்தார்கள். இதை வீட்டில் யாரும் செய்து பார்க்காதீர்கள், இளகிய துண்டு குடலுக்குள் நழுவி அடைத்துக்கொண்டால் மறுபடி ஆபரேஷன்தான். எனக்கும், காற்றுப் பிரியாமல் வயிறு உப்பினால் உடனே ஓடி வரச் சொல்லித்தான் அனுப்பினார்கள்.

இப்போது பல் செட் கட்டியாயிற்று. முருங்கைக்காயில் சதையை மட்டும் வழித்துக்கொள்கிறேன், ஆரஞ்சு என்றால் சாறு மட்டும். பனங்கிழங்கை மாவாக்கிப் புட்டு அவித்துத் தரட்டுமா என்று மனைவி கேட்கிறாள், அடுத்த செக்கப்பில் டாக்டரிடம் அவளையே கேட்கச் சொல்லியிருக்கிறேன்.