மீக்கரின் ஜோடி மாடு

ஏப்ரல் 5, சனி

இன்று குடும்பத்தோடு புயாலப். சியாட்டிலுக்குத் தெற்கே உள்ள சின்ன ஊர். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பாவுக்கு ரெய்னியர் மலையைக் காட்டலாம் என்று கிளம்பினோம். மழை. மலை இருந்த திசையைத்தான் காட்ட முடிந்தது.

உண்மையான காரணம் வேறு. இந்த ஊரின் முதல் மேயர் எஸ்ரா மீக்கரின் பெயரில் இங்கே ஒருவர் ஜியோகேச்சிங் புதிர் வைத்திருக்கிறார். இந்த மாதத்தோடு எடுத்துவிடப் போகிறாராம். அதனால்தான் விடையையும் சேர்த்தே எழுதுகிறேன், இல்லாவிட்டால் அது பாவம்.

விளையாட்டு தெரியாதவர்களுக்கு: யாரோ ஒரு டப்பாவை ஒளித்துவைத்து, அது இருக்கும் இடத்தின் ஜிபிஎஸ் எண்ணை இணையத்தில் போடுவார். கண்டுபிடித்தால் உள்ளே இருக்கும் நோட்டில் பெயர் எழுதலாம். பரிசு எல்லாம் கிடையாது. 2000 மே மாதம், பொதுமக்களுக்கான ஜிபிஎஸ்ஸில் வேண்டுமென்றே வைத்திருந்த பிழையை அமெரிக்க அரசு நீக்கிய கையோடு, பக்கத்து மாநிலமான ஓரிகனில் தொடங்கியது. இதில் நீலக் கேள்விக்குறி போட்ட வகை கொஞ்சம் விஷமம். வரைபடம் காட்டும் இடத்தில் ஒன்றும் இருக்காது. புதிரை அவிழ்த்தால்தான் சரியான இடம் தெரியும்.

பயனியர் பூங்காவில் மீக்கர் சிலையைப் பார்த்து, மகள் குறிப்பெடுத்தாள். அவர் மனைவி எலைசா ஜேன் நட்ட ஐவிக் கொடி இன்னும் அங்கே பந்தலில் படர்ந்திருக்கிறது.

ஏப்ரல் 6, ஞாயிறு

முதல் கேள்விகள் சுலபம். மீக்கர் மாட்டு வண்டியில் மனைவி, கைக்குழந்தையோடு, குடியேறிகளின் ஓரிகன் பாதை வழியே மேற்கே வந்த ஆண்டு: 1852. ஊரின் முதல் மேயரான ஆண்டு: 1890. மாளிகையில் எத்தனை அறை: 17. பீருக்குக் கசப்பு தரும் ஹாப்ஸ் கொடி பயிரிட்டுச் சம்பாதித்த வீடு அது. அப்புறம் அசுவினிப் பூச்சி விழுந்து அந்தத் தோட்டங்களே போயின. அப்பா இதைக் கேட்டு "அசுவினியா? அங்கேயுமா?" என்றார், ஏதோ சொந்தக்காரர் பெயரைக் கேட்டதுபோல.

ஏப்ரல் 9, புதன்

நான்காவது கேள்வியில் இரண்டு இரவு போய்விட்டது. புதிர் கடினம் என்று இல்லை, படித்துக்கொண்டே இருந்துவிட்டேன். "மீக்கர் 'குற்றவாளி இல்லை' என்று சொன்ன ஆண்டு" என்று மட்டும் கேட்டிருந்தார்கள்.

1856. இங்குள்ள பூர்வகுடிகளான நிஸ்குவாலி மக்களின் தலைவர் லெஷை மீது கொலைக் குற்றச்சாட்டு. போர்க்காலத்தில் ஒரு வெள்ளைக்காரப் படைவீரர் இறந்ததற்கு அவரைப் பொறுப்பாக்கினார்கள். ஜூரியில் இளைஞரான மீக்கரும் இருந்தார். தண்டிக்க ஒப்பவே இல்லை, ஜூரி முடிவுக்கு வராமல் கலைந்தது. இரண்டாவது விசாரணையில் தீர்ப்பு வந்து, 1858 பிப்ரவரியில் லெஷையைத் தூக்கிலிட்டார்கள். 2004இல் வாஷிங்டன் மாநிலத்தில் கூடிய ஒரு வரலாற்று நீதிமன்றம் அவரைக் குற்றமற்றவர் என்றது. தூக்குக் கயிற்றுக்கும் இந்தச் சொல்லுக்கும் இடையில் 146 ஆண்டு.

குடியேறிகளைப் போற்றும் புதிரில் இந்தக் கேள்வியை வைத்தவருக்கு ஒரு கும்பிடு. அந்த நிலம் யாருடையது என்பதில்தானே போரே வந்தது.

ஏப்ரல் 12, சனி

கடைசிக் கேள்வி: 1906இல், 75 வயதில், மீக்கர் அதே பாதையில் மாட்டு வண்டியைக் கிழக்கு நோக்கித் திருப்பினார். பாதை உழவில் அழிந்துவிடும் என்று ஊர் ஊராக நின்று அடையாளக் கல் நாட்டச் சொன்னார். 1907இல் வாஷிங்டன் நகரில் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் அந்த வண்டியை வந்து பார்த்தார். அப்போது அதை இழுத்த இரண்டு மாடுகளின் பெயர் என்ன? ஆங்கில எழுத்துகளுக்கு ஏ ஒன்று, பி இரண்டு என்று எண் போட்டுக் கூட்ட வேண்டும். அந்தத் தொகைதான் டப்பா இருக்கும் இடத்தின் வடக்கு எண்ணில் கடைசி இலக்கங்கள்.

டேவ், ட்விஸ்ட். 123. காலையிலேயே போய் ஒரு வேலியோரம் முக்கால் மணி நேரம் தடவினோம். நாயோடு நடந்த பெண்மணி இரண்டு முறை திரும்பிப் பார்த்தார். இந்த விளையாட்டு தெரியாதவர்களை நாங்கள் 'மகிள்' (muggle) என்போம். சாவி தொலைந்துவிட்டது என்று பொய் சொன்னேன்.

காரில் அப்பா கேட்டார்: "அவ்வளவு தூரம் ஒரே ஜோடியா போச்சு? வலத்து மாடு, இடத்து மாடு ரெண்டுமே தாங்கிச்சா?"

போனை எடுத்துப் பார்த்தேன். தாங்கவில்லை. ட்விஸ்ட் நெப்ராஸ்காவில் செத்துப்போனது. பிறகு ஒமாஹாவில் வாங்கிய மாடு டாண்டி. டேவும் டாண்டியும் சேர்ந்தால் 80. வித்தியாசம் 43, வடக்கு எண்ணின் கடைசி இலக்கங்களில் அது கிட்டத்தட்ட 80 மீட்டர். வேலியிலிருந்து தெற்கே நடந்தால் ஒரு மேப்பிள் மரம், அதன் வேரிடுக்கில் பாசி பிடித்த டப்பா.

நோட்டு ஈரம், பேனா எழுதவில்லை. மகளின் பென்சிலால் அப்பா தமிழில் கையெழுத்துப் போட்டார். வீட்டுக்கு வந்ததும் அந்த மாடுகளின் பழைய போட்டோவை மகள் காட்டினாள். கண்ணாடியை ஏற்றிவிட்டு வெகுநேரம் பார்த்தார்.

"மூக்கணாங்கயிறே இல்லையேடா. வெறும் நுகத்தடி. பேச்சுக்கே நடந்திருக்கு."