கோடி அற்புதரின் ஊரில் லூக்காவின் கல்லறை

இத்தாலியின் பதுவை நகருக்குப் போகும் தமிழ்க் கத்தோலிக்கர்கள் கோடி அற்புதராம் அந்தோனியாரைத் தேடித்தான் போகிறோம். நானும் அம்மாவும் அப்படித்தான் சென்றோம். அவரது கல்லறையின் பளிங்கில் கைவைத்து வேண்டி, அழியாத நாவைத் தரிசித்து வெளியே வந்தபோது ரயிலுக்கு இன்னும் நேரம் இருந்தது. நற்செய்தியாளர் லூக்கா அதே ஊரில், நடந்து போகும் தொலைவில்தான் துயில்கிறார் என்று சொன்னதும், செவிலியராக இருந்து ஓய்வு பெற்ற அம்மா, முழங்கால் வலியையும் மறந்து எழுந்துவிட்டார். மருத்துவர்களின் பாதுகாவலரைப் பார்க்காமல் திரும்புவதா என்பது அவர் கேள்வி.

78 சிலைகள் கால்வாயைச் சுற்றி நிற்கும் பிராத்தோ தெல்லா வாலே என்னும் பரந்த திடலைக் கடந்தால், புனித ஜுஸ்தீனா பேராலயம் தெரிகிறது. முகப்பு வெறும் செங்கல்லாகவே நிற்பதால், இதற்குள் என்ன இருக்கப்போகிறது என்ற ஐயமே முதலில் எழும். உள்ளே சென்றாலோ வெளிச்சமும் விசாலமும் அமைதியும். அந்தோனியாரிடம் இருந்த நெரிசலில் நூறில் ஒரு பங்கும் இங்கில்லை.

இடப்புறக் கிளையில், தூண்கள் தாங்கி நிற்க, 1313-ல் செய்யப்பட்ட கல் பேழை உயரத்தில் இருக்கிறது. அதற்குள்தான் லூக்காவுடையது என்று வணங்கப்படும் எலும்புகள். பண்டைய சிரியாவின் அந்தியோக்கியாவில் பிறந்து, திருத்தூதர் பவுலுடன் பயணம் செய்து, முதுமையில் கிரேக்க நாட்டில் இறந்தவர் என்கிறது மரபு. 357-ல் அவரது உடல் அந்நாட்டின் தீப்ஸ் நகரிலிருந்து கான்ஸ்டான்டிநோபிளுக்குக் கொண்டுசெல்லப்பட்டது; பின்னர் அங்கிருந்து பதுவைக்கு வந்தது என்பதும் மரபே. பதுவையிலிருந்த எலும்புகளில் மண்டை ஓட்டை மட்டும் 1354-ல் பேரரசர் நான்காம் சார்லஸ் பிராக் நகருக்கு எடுத்துச் சென்றுவிட்டார்.

1998-ல் பேழையைத் திறந்து ஆராய்ந்தார்கள். தலையில்லாத முதியவர் ஒருவரின் எலும்புக்கூடு அது. பிராக்கிலிருந்து வரவழைத்த மண்டை ஓடு அதன் கழுத்தெலும்போடு பொருந்தியது. 2001-ல் வெளிவந்த மரபணு ஆய்வு, அவர் கிரேக்கராக இருப்பதைவிடச் சிரியராக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்றது. இவர்தான் லூக்கா என்று எந்த ஆய்வும் சொல்லிவிட முடியாது; அந்தியோக்கியாவோடு முரண்படவில்லை என்பதோடு அறிவியல் நின்றுகொள்கிறது, அது சரியானதும்கூட. பழைய கல்லறை வெறுமையாகக் கிடந்த தீப்ஸ் நகரின் கிரேக்கத் திருச்சபைக்கு ஒரு விலா எலும்பைக் கொடுத்தார்கள் என்பதுதான் இந்தக் கதையில் என் மனத்தைத் தொட்ட பகுதி.

அந்த எலும்புகளில் இடுப்புப் பக்கத்து முதுகெலும்பு கடுமையாகத் தேய்ந்திருந்தது என்று நான் படித்ததைச் சொன்னேன். அம்மா பேழையை நிமிர்ந்து பார்த்து, "பாவம், வைத்தியருக்கே இடுப்பு வலியா?" என்றார். கொலோசையருக்கு எழுதிய திருமுகம் அவரை அன்பார்ந்த மருத்துவர் என்று அழைக்கிறது. எல்லாரும் பிரிந்துபோன நாளிலும் லூக்கா மட்டுமே என்னுடன் இருக்கிறார் என்று பவுல் சொல்வதாகத் திமொத்தேயுவுக்கு எழுதிய மடலில் வருகிறது. தம் நற்செய்தியிலோ அவர் தம் பெயரை ஓரிடத்திலும் சொல்லவில்லை. அடிபட்டவனின் காயத்தில் எண்ணெயும் திராட்சை மதுவும் வார்த்துக் கட்டிய சமாரியரை அவர் ஒருவர்தான் நமக்குத் தந்தார். காயம் கட்டிப் பழகிய கை எழுதிய வரி அது என்பது அம்மாவின் கட்சி.

லூக்காவே தீட்டியதாக மரபு சொல்லும் மாதா படம் ஒன்றும் இந்த ஆலயத்தில் வணங்கப்படுகிறது. அதைக் கேட்டதும் அம்மாவின் முகம் மலர்ந்தது. நம் பரங்கிமலைக் கோயிலிலும் லூக்கா வரைந்து தோமையார் கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் மாதா படம் இருக்கிறதே! சிறுவயதில் பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு அந்தப் படிகளில் ஏறியதைச் சொல்லியபடியே, பேழையைத் தாங்கும் தூணில் செபமாலையைத் தொட்டு எடுத்து, "ஆண்டவரை எனது உள்ளம் போற்றிப் பெருமைப்படுத்துகின்றது" என்று மெல்லத் தொடங்கினார். லூக்கா எழுதிவைத்த அந்த மரியாவின் பாடலை நானும் சேர்ந்து சொன்னேன். மாலை ரயிலைத் தவறவிட்டு அடுத்த ரயிலில்தான் வெனிஸ் திரும்பினோம்.