கிளஃப்பின் வலது முழங்கால்

20 செப்டம்பர் 2024, வெள்ளி

இங்கிலாந்தின் கால்பந்து வீரராகவும் பிறகு மேலாளராகவும் இருந்த பிரையன் கிளஃப் மறைந்து இன்றோடு இருபது ஆண்டுகள் ஆகின்றன. ஊன்றுகோலோடு மெல்ல நடந்து, கிங் தெருவும் குயின் தெருவும் கூடும் முனைவரை போய் அவருடைய சிலையைப் பார்த்துவிட்டு வந்தேன். இரு கைகளையும் கோத்துத் தலைக்கு மேலே உயர்த்தியபடி நிற்கிறார். வருவோர் போவோரெல்லாம் அந்தக் கைகளைத்தான் படம் பிடிக்கிறார்கள். நான் அவருடைய வலது முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெண்கலக் காற்சட்டையின் மடிப்புக்குள் அது மற்ற முழங்காலைப் போலவேதான் இருக்கிறது.

மேலாளராக வென்று தந்த 1979, 1980 ஆகிய இரண்டு ஐரோப்பியக் கோப்பைகளுக்காக இந்த நாட்டிங்ஹாம் நகரம் அவரைக் கொண்டாடுகிறது. எனக்கோ மூன்று வாரங்களாக வேறொரு கணக்குதான் மனத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆட்டக்காரராக அவர் ஆடிய 274 லீக் ஆட்டங்கள், அடித்த 251 கோல்கள்.

23 செப்டம்பர், திங்கள்

ஸ்கேன் முடிவு வந்துவிட்டது. என் முழங்கால் ஜவ்வு முழுவதுமாக அறுந்திருக்கிறது. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

29 செப்டம்பர், ஞாயிறு

தூக்கம் வராததால் மீண்டும் அந்த நாளுக்கே போனேன். 1962 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ரோக்கர் பார்க் மைதானத்தில் கிளஃப் ஆடிவந்த சண்டர்லேண்டுக்கும் பரி அணிக்கும் ஆட்டம். இங்கிலாந்தையே பல வாரங்கள் உறைய வைத்த அந்தக் குளிர்காலம் அப்போதுதான் பிடித்திருந்தது. தரை இறுகிக் கிடந்தது. பந்தின் மேலேயே கண்ணை வைத்து ஓடிய கிளஃப், எதிரே பாய்ந்து வந்த கோல்காவலர் கிறிஸ் ஹார்க்கர் மீது மோதி விழுந்தார். எழ முயன்றார், முடியவில்லை. அவர் நடிக்கிறார் என்று எதிரணியில் ஒருவர் நடுவரிடம் சொன்னதை அவர் கடைசிவரை மன்னிக்கவில்லை. அப்போது அவருக்கு வயது 27.

என்மீது யாரும் மோதவில்லை. செயற்கைப் புல்லில் கால் பதிந்திருக்க உடல் மட்டும் திரும்பியது. உள்ளே ஏதோ அறுபட்ட சத்தம் எனக்கே கேட்டது. தூத்தூர்க் கடற்கரையில் பதினைந்து ஆண்டுகள் மணலில் ஆடி, எத்தனை முறை விழுந்திருப்பேன்! மணல் காலைப் பிடித்துக்கொள்வதில்லை. விழுந்தவனை வாங்கிக்கொள்ளும், பிறகு விட்டுவிடும்.

8 அக்டோபர், செவ்வாய்

மருத்துவர் பொறுமையாக விளக்கினார். தொடையின் பின்புறத்திலிருந்து ஒரு தசைநாரை எடுத்து, எலும்பில் துளையிட்டு, அறுந்த ஜவ்வின் இடத்தில் பொருத்தித் திருகாணியால் இறுக்குவார்களாம். ஆடுகளத்துக்குத் திரும்பக் குறைந்தது ஒன்பது மாதங்கள். அவர் பேசிக்கொண்டிருந்தபோது, 1962-இல் இவற்றில் எதுவுமே கிளஃப்புக்குக் கிடைக்கவில்லையே என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். தொடையிலிருந்து கணுக்கால்வரை மாவுக்கட்டு, அது அகன்ற பிறகு ரோக்கர் பார்க்கின் பார்வையாளர் படிக்கட்டுகளில் ஏறி இறங்கும் பயிற்சி. நம்பிக்கையைத் தவிர அவரிடம் வேறு மருந்து இருந்ததாகத் தெரியவில்லை.

கேட்க வேண்டிய கேள்விகளை ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன். அதைப் பையிலேயே மறந்துவிட்டேன்.

12 அக்டோபர், சனி

கால் சரியாகும்வரை பதின்மூன்று வயதுப் பையன்களைப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார்கள். எல்லைக்கோட்டருகே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். முதல் அரைமணி நேரம் பொறாமையைத் தவிர எனக்குள் எதுவும் இல்லை என்பதை இங்கே ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன். ஒரு பையன் பந்தை மார்பில் வாங்கி, அது தரை தொடும் முன்பே உதைத்தான். என் கால் தானாக அசைந்தது, வலித்தது.

சண்டர்லேண்டில் கிளஃப்பிடமும் இப்படித்தான் இளையோர் அணியை ஒப்படைத்தார்கள். அடுத்த மேலாளர் வந்ததும் அந்த வேலையும் போய்விட்டது. ஆனால் அந்தச் சில மாதங்களில்தான் பிறரை ஆட வைக்கத் தன்னால் முடியும் என்பதை அவர் கண்டுகொண்டார் என்று நம்புகிறேன். அது ஆறுதலாக இருந்ததா, காயத்தை இன்னும் ஆழமாக்கியதா என்பதுதான் என் கேள்வி.

20 அக்டோபர், ஞாயிறு

ஏறத்தாழ இருபது மாதங்கள் காத்திருந்து 1964 செப்டம்பரில் அவர் களத்துக்குத் திரும்பினார். ஆடியது மூன்றே ஆட்டங்கள். லீக்கின் உச்சமான முதல் பிரிவில் அவர் வாழ்நாளில் அடித்தது ஒரே ஒரு கோல். 29 வயதில் எல்லாம் முடிந்தது. எனக்கு வரும் மார்ச்சில் 29 நிறைகிறது.

அடுத்த ஆண்டு, 30 வயதில், நான்காம் பிரிவின் அடிமட்டத்தில் கிடந்த ஹார்ட்டில்பூல்ஸ் யுனைடெட்டுக்கு மேலாளராகப் போனார். துணைக்குப் பீட்டர் டெய்லரை அழைத்துக்கொண்டார். மிடில்ஸ்பரோவில் கிளஃப்பைப் பற்றி யாரும் பெரிதாக நினைக்காத காலத்தில், இவன் பெரிய ஆட்டக்காரன் என்று முதலில் கண்டுசொன்ன கோல்காவலர் அந்த டெய்லர்தான். சங்கத்தில் பணமே இல்லை. அணியின் பேருந்தைத் தானே ஓட்டுவதற்காகக் கிளஃப் உரிமம் எடுத்தார் என்று படித்தேன். ஓட்டுநர் இருக்கையில் அந்த வலது முழங்கால் எப்படி மடங்கியிருக்கும்?

28 அக்டோபர், திங்கள்

இன்று பதினான்கு படிகள் ஏறினேன், கைப்பிடியைத் தொடாமல்.

5 நவம்பர், செவ்வாய்

வெளியே வாணவேடிக்கைச் சத்தம். மனம் சற்றே லேசாக இருக்கிறது; ஆகையால் இன்று ஜான் ராபர்ட்சனைப் பற்றி எழுதுகிறேன்.

1975 ஜனவரியில் கிளஃப் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட்டுக்கு வந்தபோது அணி இரண்டாம் பிரிவில் இருந்தது. ராபர்ட்சனோ உடல் பருத்து, ஓயாமல் புகைத்து, ஓட மனமின்றி ஒதுங்கிக் கிடந்த வீரர். கிளஃப்பும் டெய்லரும் அவரைத் திட்டினார்கள், விரட்டினார்கள், பிறகு இடப்பக்க ஓரத்தில் நிறுத்தி, பந்து எப்போதும் அவரிடமே போகும்படி அணியையே அமைத்தார்கள். 1979-இல் மியூனிக்கில் நடந்த ஐரோப்பியக் கோப்பை இறுதியில் மால்மோவுக்கு எதிராக டிரெவர் ஃபிரான்சிஸ் தலையால் முட்டிய பந்து ராபர்ட்சனின் காலிலிருந்து வந்தது. மறு ஆண்டு மாட்ரிட்டில் ஹாம்பர்க்குக்கு எதிரான ஒரே கோலை அவரே அடித்தார். முன்களத்தில் ஆடிவந்த கென்னி பர்ன்ஸைப் பின்களத்துக்கு மாற்றினார்கள். அவர் 1978-இல் ஆண்டின் சிறந்த வீரரானார். இரண்டாம் பிரிவில் மூன்றாவதாக முடித்து மேலே வந்த அணி, அடுத்த பருவத்திலேயே லீக் பட்டம் வென்று, 42 லீக் ஆட்டங்கள் தொடர்ந்து தோற்காமல் ஆடியது.

ஒருவனுக்குள் அவனுக்கே தெரியாமல் இருக்கும் ஆட்டத்தைப் பார்க்கும் கண் அது. தன் ஆட்டம் பாதியில் பறிபோனவருக்கு அந்தக் கண் கூடுதலாகத் திறக்கும் போலும்.

நம் பையன்களில் பருமனாக ஒருவன் இருக்கிறான். யாரும் அவனுக்குப் பந்தைக் கொடுப்பதில்லை. சனிக்கிழமை அவனை இடப்பக்கம் நிறுத்தப் போகிறேன்.

17 நவம்பர், ஞாயிறு

மேலே எழுதியதைத் திரும்பப் படித்தேன். எவ்வளவு எளிதாக எழுதிவிட்டேன்!

1974-இல் கிளஃப் லீட்ஸ் அணிக்கு 44 நாட்கள் மேலாளராக இருந்தார். முறைகேடாக ஆடி வாங்கிய பதக்கங்களைக் குப்பையில் எறியுங்கள் என்று அந்த வீரர்களிடம் சொன்னார். அதையாவது என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. அடிக்கடி காயம்பட்டு ஒதுங்கியிருந்த எடி கிரேயைப் பார்த்து, நீ பந்தயக் குதிரையாக இருந்திருந்தால் எப்போதோ சுட்டுக் கொன்றிருப்பார்கள் என்று சொன்னதை மட்டும் என்னால் விழுங்க முடியவில்லை. அதைச் சொன்ன வாய் யாருடையது! பனித்தரையில் விழுந்தவர், நடிக்கிறான் என்ற சொல்லை ஆயுள் முழுவதும் சுமந்தவர், படிக்கட்டுகளில் ஏறி இறங்கி ஏங்கியவர். முதல் பிரிவில் அவர் அடித்த அந்த ஒரே கோலும் லீட்ஸுக்கு எதிராகத்தான்.

அவர் கிரேயைப் பார்க்கவில்லை, தன்னையே பார்த்தார் என்று சமாதானம் செய்துகொள்ள முயல்கிறேன். இரண்டு நாட்களாக முடியவில்லை. வீக்கமும் கூடியிருக்கிறது.

24 நவம்பர், ஞாயிறு

அறுவைச் சிகிச்சைத் தேதியை மீண்டும் தள்ளிவைத்துக் கடிதம் அனுப்பியிருக்கிறார்கள். இது இரண்டாவது முறை. தொலைபேசியில் நாற்பது நிமிடம் காத்திருந்து கேட்டதற்கு, கடிதத்தில் இருப்பதையே படித்துக் காட்டினார்கள். இன்று கிளஃப்பைப் பற்றிப் படிக்கவில்லை.

1 டிசம்பர், ஞாயிறு

பீட்டர் டெய்லர் பிறகு டெர்பி கவுண்டிக்கு மேலாளரானார். 1983-இல், கிளஃப் நற்பணிக்காக நெடுநடை போயிருந்த வேளையில், அவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் ராபர்ட்சனை டெர்பிக்கு அழைத்துக்கொண்டார். அன்றோடு இருவருக்கும் பேச்சு நின்றது. 1990 அக்டோபரில் டெய்லர் இறக்கும்வரை பேசவே இல்லை. இரண்டு ஊர்களுக்கும் இடையிலான தூரம் அரைமணி நேரப் பயணம். அந்த நெடுஞ்சாலைக்கு இன்று கிளஃப்பின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். நான் ஸ்கேனுக்குப் போனதும் அந்தச் சாலை வழியாகத்தான்.

நான் விழுந்த அன்று, நேரத்தைக் கடத்தாதே, எழுந்திரு என்று கத்தியவன் என்னுடன் ஓர் அறையில் மூன்று ஆண்டுகள் இருந்தவன். அதற்குப் பிறகு நான்கு முறை அழைத்திருக்கிறான், நான் எடுக்கவில்லை. ஊர்க்காரன், பந்தை எனக்கு எங்கே தர வேண்டும் என்பதைப் பார்க்காமலே அறிந்தவன். இன்று அவன் எண்ணைத் திரையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஏழு ஆண்டுகள் அவர்கள் இருவரும் எப்படித்தான் அந்தச் சாலையில் போய் வந்தார்களோ.

7 டிசம்பர், சனி

புயல் காற்றால் பையன்களின் ஆட்டம் ரத்தாகிவிட்டது. பருமனான பையனின் அப்பா அழைத்து, மகன் காலணியைக் கழற்றாமல் வாசலில் உட்கார்ந்திருப்பதாகச் சொன்னார்.

11 டிசம்பர், புதன்

ஒருவர் வரமுடியாமல் போனதால் அந்த இடம் எனக்குக் கிடைத்திருக்கிறது. நாளைக் காலை ஏழு மணி. நள்ளிரவுக்குப் பிறகு எதுவும் உண்ணக்கூடாது. அம்மாவிடம் சொல்லிவிட்டேன், அழாமல் கேட்டுக்கொண்டார். துணைக்கு யாராவது வர வேண்டுமாம். அவனை அழைத்தேன். ஆறு மணிக்கே வந்துவிடுவதாகச் சொன்னான். எந்தக் கால் என்று தவறாமல் குறி போட்டுவிட வேண்டும் என்பதற்காகச் செவிலியர் மூன்று முறை கேட்டார்: வலது, வலது,