இடாப்பில் ஒரு பெயர்

கொழும்பில் பல்கலைக்கழக மாணவர்கள் சென்ற வாரம் நடத்திய ஒன்றுகூடலில், தோட்டங்களில் வேலை செய்ய இந்தியாவிலிருந்து வந்தவர்களின் வழிவந்த மலையக மக்கள் வாக்குரிமையை இழந்ததும் மீட்டதுமான வரலாற்றைப் பற்றிப் பேச என்னை அழைத்திருந்தார்கள். குத்துவிளக்கேற்றல், வரவேற்புரை, பொன்னாடை என்று முதல் அரைமணி நேரம் வழக்கம்போலக் கழிந்தது.

1947ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் இலங்கை இந்தியர் காங்கிரஸ் சார்பில் ஏழு பேர் பாராளுமன்றம் சென்றார்கள் என்று தொடங்கினேன். அடுத்த ஆண்டே 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் நிறைவேறியது. தகப்பனோ, இல்லையேல் பாட்டனும் பூட்டனுமோ இலங்கையில் பிறந்ததை நிறுவ வேண்டும் என்றபோது, பிறப்புப் பதிவே இல்லாத லயன் காம்பராக்களில் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில்) வாழ்ந்தவர்கள் எந்தக் காகிதத்தைக் காட்டியிருப்பார்கள்? 1949இல் தேர்தல் சட்டமும் திருத்தப்பட, பிரஜையல்லாதோரின் பெயர்கள் வாக்காளர் இடாப்பிலிருந்து, அதாவது வாக்காளர் பட்டியலிலிருந்து, நீங்கின. 1952இல் அதே காங்கிரஸின் தொண்டமான் முதலானோர் கொழும்பில் சத்தியாக்கிரகம் இருந்தும் சட்டம் அசையவில்லை. இலங்கை, இந்தியப் பிரதமர்கள் 1964ஆம் ஆண்டில் செய்துகொண்ட சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. அந்த மக்களிடம் கருத்துக் கேட்காமலே போடப்பட்ட அந்தக் கணக்கை எத்தனை முறை வாசித்தாலும் எனக்குக் கோபமே வருகிறது. எஞ்சியிருந்த நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் வர 2003 ஆகிவிட்டது. என் அம்மாயி தன் பிரஜாவுரிமைப் பத்திரத்தைப் பொலித்தீனில் சுற்றி, நகை வைக்கும் தகரப் பெட்டியின் அடியில் வைத்திருந்தார் என்பதையும் சொன்னேன்.

பேச்சின் முடிவில், தம் பெயர் இடாப்பில் உள்ளதா என்று பார்த்தவர்கள் கையுயர்த்துமாறு கேட்டேன். நான்கைந்து கைகளே எழுந்தன. மற்றவர்களைக் கடிந்துகொள்ள எனக்கு மனமில்லை. நானும் முதல் வாக்கை இருபத்தாறு வயதில்தான் அளித்தேன். அதனால் வரலாற்றை அத்துடன் நிறுத்திவிட்டு, ஆண்டுதோறும் இடாப்பு மீளாய்வு செய்யப்படுவதையும், பதினெட்டு வயது நிறைந்தவரை ஆண்டின் இடையிலும் சேர்க்க 2021ஆம் ஆண்டுத் திருத்தம் இடமளிப்பதையும், தபால் வாக்கு மாணவருக்கு இல்லாததால் பதிவு ஊரில் இருந்தால் ஊருக்கே போய்த்தான் வாக்களிக்க வேண்டும் என்பதையும் விளக்கினேன்.

தேநீர் நேரத்தில் முதலாம் ஆண்டு மாணவர் ஒருவர் தயங்கியபடி வந்தார். "சேர், எங்கட லயத்துக்கு வீட்டு இலக்கமே இல்ல, கடிதமெல்லாம் தோட்டத்து ஆபீசுக்குத்தான் வருது. படிவத்துல என்ன விலாசம் போடுறது?" தோட்டத்தின் பெயர், பிரிவு, லயன் எண் ஆகியவற்றை எழுதி, கிராம உத்தியோகத்தரை நேரில் சந்தித்து உறுதிப்படுத்துமாறு கூறினேன். அவற்றைத் தொலைபேசியில் குறித்துக்கொண்டவர், தன் அம்மாவின் பெயரும் விடுபட்டிருக்கிறதா என்று அதே வேளையில் பார்த்துவிடலாமா என்று கேட்டார்.