பிஸ்கட் டின்னில் கிடந்த லாட் நம்பர்

படம் ஓடுவது 24 நிமிடம். கேமரா ஓடியது ஆறே நாள். மீதிப் பத்து மாதமும் தாள்களுக்குப் பின்னால் நான் ஓடினேன். சிங்கப்பூரில் விவசாய நிலம் கைவிட்டுப் போன கதையை ஆவணப்படமாக எடுக்க நினைப்பவர்களுக்கு இந்த அலைச்சலில் பாதியாவது மிச்சமாகட்டும்.

செம்பவாங் பக்கம் குத்தகைத் துண்டில் மாடும் கீரையுமாக இருந்த ஒரு தமிழ்க் குடும்பம். 1982ல் கம்பத்து (கிராமத்து) வீட்டைக் காலி செய்து ஈசூன் அடுக்குமாடி வீட்டுக்கு வந்தவர்கள். அந்த வீட்டு மகள் இப்போது பாட்டி. அவர் பேச ஆரம்பித்தால் கேமராவை நகர்த்தவே தேவையில்லை. ஆனால் பேச்சை மட்டும் வைத்துப் படம் நிற்காது, நிலத்தை அரசு எடுத்த அரசிதழ் அறிவிப்பும் வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். வினை அங்கேதான் தொடங்கியது.

1966 நில எடுப்புச் சட்டப்படி எடுக்கும் நிலம் அரசிதழில் வரும் என்பது தெரியும். அதில் கம்பத்துப் பெயரை வைத்துத் தேட முடியாது, முக்கிமும் (நில அளவைப் பகுதி) லாட் நம்பரும் (அதில் அந்தத் துண்டின் எண்) வேண்டும் என்பது தெரியாது. பாட்டி சொன்ன விலாசம்: "பதிமூணாங்கட்டை, சீனர் கடைக்குப் பின்னால." அதை வைத்துக்கொண்டு ஓர் அலுவலகத்தில் ஒன்றேகால் மணி நேரம் காத்திருந்தேன். முகப்பில் இருந்தவர் திரையை விட்டுக் கண்ணெடுக்காமல், "லாட் நம்பர் இல்லையா? அப்படின்னா தேட முடியாது" என்றார். பழைய வரைபடம் ஒன்றைத் தேடிப் பிடித்து மறுபடியும் போனேன். இது எங்கள் வேலை இல்லை, இன்னொரு கட்டடம் என்றார்கள். அங்கே போனால், முன்பதிவு இல்லாமல் உள்ளே விட மாட்டார்களாம். இரண்டு நாள் விடுப்பு போனதுதான் மிச்சம்.

பாட்டியிடம் புலம்பினேன். எழுந்து போய் சாமி மேடைக்குக் கீழிருந்து ஒரு சதுர பிஸ்கட் டின்னை எடுத்து வந்தார். பால் கணக்கு நோட்டு, அப்பாவின் அடையாள அட்டை, அடியில் நான்காக மடித்த ஓர் ஆங்கிலக் கடிதம். மடிப்பில் கிழிந்திருந்தது. குத்தியிருந்த குண்டூசி துருப்பிடித்து அந்தப் பழுப்பு ஒரு வரி மீது படர்ந்திருந்தது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். முக்கிம், லாட், எல்லாம் இருந்தது! கேட்டிருந்தால் முதல் நாளே கொடுத்திருப்பார். ஆகவே அலுவலகத்துக்குப் போகும் முன் வீட்டில் இருக்கும் டின்னைத் திறக்கச் சொல்லுங்கள்.

விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகத்தின் பதினோராம் தளத்தில் நாற்பது நிமிடத்தில் அறிவிப்பு கிடைத்தது. மொத்தமே இரண்டு வரி. அதைப் படம் பிடிக்கும்போது கை நடுங்கியது.

அந்த இரண்டு வரிக்குப் பின்னால் இருக்கும் கணக்கு பெரியது. நில உரிமையாளருக்குக் கொடுத்த இழப்பீட்டுக்கு அப்போது ஓர் உச்சவரம்பு இருந்தது. 1973 நவம்பர் 30ஆம் தேதி விலை, அல்லது அறிவிப்பு வந்த நாள் விலை, எது குறைவோ அது. முழுச் சந்தை விலை என்று ஆனது 2007ல்தான். குத்தகைக்காரருக்கோ நிலத்தில் உரிமையே கிடையாது. கொட்டகைக்கும் மரங்களுக்கும்தான் காசு. கடிதத்தில் ஏழு தென்னை, இரண்டு ரம்புத்தான் என்று இருந்தது. வாசித்துச் சொன்னேன். "பலா எங்க?" என்றார் பாட்டி. பலா இல்லை. "அப்பா கைநாட்டு வெச்சாரு தம்பி. என்ன எழுதியிருக்குன்னு யாரு படிச்சுக் காட்டினா?"

இன்றைய பண்ணை ஒன்றையும் காட்ட லிம் சூ காங் போனேன். 2014ல் அங்கே 62 பண்ணைகளை ராணுவப் பயிற்சிக்காகக் காலி செய்யச் சொன்னது பலருக்கு நினைவிருக்கும். ட்ரோன் ஷாட் கனவோடு போகிறவர்கள் கவனிக்க: தெங்கா விமானப்படைத் தளத்திலிருந்து ஐந்து கிலோமீட்டருக்குள் அனுமதியில்லாமல் பறக்க விட முடியாது. நான் வாடகைக்கு எடுத்த ட்ரோன் பைக்குள்ளேயே தூங்கியது, வாடகை நூற்றைம்பது வெள்ளி வீண். பண்ணை அங்கிள் மாங்காய் பறிக்கும் கழியை நீட்டினார். நுனியில் கைப்பேசியைக் கட்டித் தூக்கினோம். படத்தில் எனக்குப் பிடித்த ஷாட் அதுதான்.

பொதுவில் திரையிட ஊடக ஆணையத்தின் தரப்பிரிப்பு வேண்டும். பிஜி (பெற்றோர் வழிகாட்டலோடு பார்க்கலாம் என்ற பிரிவு) கிடைத்தது, சிக்கலில்லை.

திரையிடலுக்கு மூன்று வாரம் இருக்கும்போது பாட்டியின் மகன் கூப்பிட்டார். "தம்பி, எங்கம்மாகிட்ட என்ன கையெழுத்து வாங்கினீங்க?" இணையத்தில் எடுத்த ஆங்கில ஒப்புதல் படிவம், இரண்டு பக்கம். உலகம் முழுதும், காலவரையின்றி, எல்லா உரிமையும் எனக்கு. பாட்டிக்கு ஆங்கிலம் படிக்க வராது. நானும் படித்துக் காட்டவில்லை, "இங்கே போடுங்க பாட்டி" என்று விரலால் காட்டியதோடு சரி. பாட்டியின் அப்பா கைநாட்டு வைத்த கதையைப் படமெடுத்துவிட்டு, மகளிடம் நான் செய்தது இது. பாட்டியின் மகன் கோபப்படக்கூட இல்லை. "இப்போதைக்குப் படம் வேண்டாம்" என்று மட்டும் சொன்னார். அரங்கத்துக்குக் கட்டிய முன்பணம் போனது. அது போகட்டும், அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

புதிதாகத் தமிழில் ஒரே பக்கம் எழுதினேன். எங்கே திரையிடுவேன், காசு வந்தால் என்ன, பிடிக்காவிட்டால் எப்படி நிறுத்தச் சொல்வது, அவ்வளவுதான். பெரிய எழுத்தில் அச்சடித்து ஈசூனுக்கு எடுத்துப் போனேன். பாட்டி வரி வரியாக விரல் வைத்துப் படித்தார். கால் மணி நேரம் ஆனது. பிறகு பேனாவை வாங்கி அடியில் தன் கையால் ஒரு வரி சேர்த்தார்: "பலா மரம் ஒன்று இருந்தது என்று படத்தில் வர வேண்டும்."

இருவரும் கையெழுத்துப் போட்டோம். திருத்திய படத்தை மறுபடியும் தரப்பிரிப்புக்கு அனுப்பியிருக்கிறேன். பதினேழாவது நிமிடத்தில் பலா வருகிறது.