விட்டுப்போன பல்

எங்கள் வீட்டு புல்லட் அப்பா வாங்கியது. 1996 மாடல், காஸ்ட் அயர்ன் இன்ஜின், 346 சிசி. கோவைக்குள் அது ராஜா. மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஏறினால் மட்டும், குன்னூரை எட்டுவதற்குள் கருப்புப் புகையும் இருமலுமாக ஆஸ்துமாக்காரர் மாதிரி ஆகிவிடும். ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, காற்று அங்கே மெலிந்துவிடும், அது கார்பரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் துளையான ஜெட்டுக்குத் தெரியாது, கீழே ஊற்றிய கணக்கிலேயே பெட்ரோலை ஊற்றிக்கொண்டிருக்கும். "மலைக்குப் போறப்ப மட்டும் சின்ன ஜெட் மாட்டிக்கங்க தம்பி, அஞ்சு நிமிச வேலை" என்றார் மெக்கானிக் அண்ணன். கேட்டிருக்கலாம்.

நான் ஸ்பீடுயினோ பக்கம் போனேன். ஆர்டுயினோ மெகா என்ற சின்ன எலெக்ட்ரானிக் போர்டை வைத்து நாமே செய்துகொள்ளும் ஈசியு, அதாவது காற்றுக்கு ஏற்றபடி பெட்ரோலைக் கணக்குப் போட்டு விடும் குட்டிக் கம்ப்யூட்டர். மென்பொருள் இலவசம், காசெல்லாம் மற்றதற்குத்தான். 2020-ல் பிஎஸ்6 என்ற புகை விதி வந்ததிலிருந்து ஏறக்குறைய எல்லாப் புது வண்டியும் எஃப்ஐ (கார்பரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர் பெட்ரோலைப் பீய்ச்சும்) என்பதால், அடிபட்டு வந்த ஒரு பைக்கின் த்ராட்டில் பாடியும் இன்ஜெக்டரும் பழைய இரும்புக் கடையிலேயே கிடைத்தன. அப்புறம் 3 பார் அழுத்தத்தில் தள்ளும் பெட்ரோல் பம்ப், டேங்க்குக்கு ரிட்டர்ன் லைன், சைலன்சர் பெண்டில் ஆக்ஸிஜன் சென்சார். "ஈசியு வந்திருச்சும்மா" என்று நான் கத்தியதும் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்தார். "ஐசியுவா? யாருக்குடா என்னாச்சு?"

பிஸ்டன் எங்கே நிற்கிறது என்று ஈசியுவுக்குத் தெரிய வேண்டும். அதற்காக ஆல்டர்னேட்டர் ரோட்டரோடு சேர்த்து ஒரு பல் சக்கரம் மாட்ட வேண்டும். 12 பல்லுக்கு இடம், அதில் ஒன்று மட்டும் வேண்டுமென்றே காலி. அந்த ஓட்டை கடந்துபோவதை வைத்துத்தான் ஈசியு கணக்கையே ஆரம்பிக்கும். படம் வரைந்து கணபதியில் ஒரு லேத் பட்டறையில் கொடுத்தேன். இரண்டே நாளில் கண்ணாடி மாதிரி பாலிஷ் போட்டுக் கொடுத்தார் மாஸ்டர்.

மாட்டினேன். சாவியைத் திருப்பியதும் பம்ப் 'ங்ஙீ' என்றது, புல்லரித்தது. டீகம்ப்ரஸரைப் பிடித்து, ஆம்மீட்டர் முள்ளைப் பார்த்து, முறைப்படி உதைத்தேன். ஒன்றும் இல்லை. மூன்று சாயங்காலம் உதைத்தேன். லேப்டாப்பில் ஆர்பிஎம் பூஜ்யத்தை விட்டு நகரவில்லை. பல்லை எண்ணும் சென்சார் போச்சு என்று புதுசு வாங்கினேன், வயரை எல்லாம் பிரித்து மறுபடி சால்டர் வைத்தேன், முழங்காலுக்கு அம்மா தைலம் தேய்த்தார். நாலாம் நாள் சந்தேகப்பட்டுச் சக்கரத்தைக் கழற்றி விரல் வைத்து எண்ணினால் சரியாகப் பன்னிரண்டு. ஓட்டையே இல்லை.

பட்டறைக்கு ஓடினேன். மாஸ்டர் முகத்தில் அவ்வளவு பெருமை. "ஏனுங்க தம்பி, படத்துல ஒரு பல்லு வரைய மறந்துட்டீங்களாட்ட இருக்குது. பாவம், சின்னப் பையன்னு நானே சேர்த்துப் போட்டுட்டேனுங்க. அதுக்குக் காசு வேண்டாம்."

அவர் மனசு நோகாமல் அந்தப் பல்லைப் பிடுங்கி வாங்குவதற்குள் இரண்டு டீ ஆகிவிட்டது. அன்று ராத்திரி முதல் உதையிலேயே ஸ்டார்ட்.

அடுத்த ஞாயிறு ஊட்டி. கார்பரேட்டர் புல்லட்டில் வந்த நண்பன் வழியெல்லாம் புகை விட, என் வண்டி சும்மா பூ மாதிரி ஏறியது. சேரிங் கிராஸ் பக்கம் டீக்கடை வாசலில், எல்லோரும் பார்க்கட்டும் என்று ஹெட்லைட்டையும் போட்டு, அரை மணி நேரம் ஐடிலிங்கிலேயே விட்டு வைத்தேன். ஆம்மீட்டர் முள் இடது பக்கம் படுத்தே கிடந்ததை நான் கவனிக்கவில்லை. பழைய ஆல்டர்னேட்டர், ஐடிலிங்கில் ஹெட்லைட்டுக்கே திணறும், இப்போது பம்ப் வேறு அதே பேட்டரியை உறிஞ்சுகிறது.

இறங்கும்போது பர்லியாறு தாண்டியதும் எல்லாம் ஒரே நேரத்தில் அணைந்தது. சரிவுதானே, தள்ளி ஸ்டார்ட் பண்ணிவிடலாம் என்றான் நண்பன். தள்ளினோம். பம்ப் சுற்றினால்தானே பெட்ரோல்! அவன் கார்பரேட்டரைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை, வெறுமனே சிரித்தான். அதுதான் தாங்கவில்லை.

கடைசியில் கேரட் மூட்டை ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போன ஒரு பிக்கப் நின்றது. மூட்டைகளுக்கு நடுவே புல்லட்டைக் கயிறு போட்டுக் கட்டிவிட்டு டிரைவர் அண்ணன் என்னைப் பார்த்தார்.

"என்ன தம்பி, கார்பரேட்டர் அடைச்சுக்கிச்சா?"

"ஆமாங்கண்ணா."