நாற்பது வீதம்

திருப்பூரில் பதினொரு வருடம் பனியன் கம்பெனி. அப்புறம் கொழும்பு. கொட்டாஞ்சேனையில் ஒரு அறை, விடியும் முன்பே புறக்கோட்டையில் 240 பஸ், கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயத்தில் ஒரு ஆடைத் தொழிற்சாலையில் லைன் சூப்பர்வைசர் வேலை. எல்லோருக்கும் நான் ‘சேர்’ (நம் ஊர் ‘சார்’). மலையகத்து ஹட்டன் பக்கத்துப் பெண் ஒருத்தி மட்டும் ‘அண்ணா’ என்பாள்.

முதலில் என்னை அசத்தியது சம்பளச் சிட்டைதான். ஊழியர் சேமலாப நிதிக்கு (நம் ஊர் பி.எஃப்.) தொழிலாளி 8 வீதம், முதலாளி 12 வீதம். ஊழியர் நம்பிக்கை நிதி என்ற இன்னொரு சேமிப்புக்கு முதலாளி இன்னும் 3 வீதம். (சதவீதம் இங்கே வெறும் வீதம்.) சனிக்கிழமை ஷிப்ட் கணக்குப் பார்த்துக் கையில் காசு வாங்கியே பழகியவனுக்கு இது பெரிய விஷயம். தொழிற்சங்கம் பதிய 7 பேர் போதும் என்கிறது 1935ஆம் ஆண்டுச் சட்டம். சங்க உரிமை பற்றிய சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 87, 98ஆம் உடன்படிக்கைகள் இரண்டையும் இலங்கை ஏற்றிருக்கிறது. இந்தியா இரண்டிலும் சேரவில்லை.

“பதியலாம் அண்ணா. கம்பெனி நம்மளோட கதைக்கணும்னா நாப்பது வீதம் வேணும்” என்றாள் அவள்.

தொழில் பிணக்குகள் சட்டத்தில் 1999இல் வந்த திருத்தம் அது. தொழிலாளரில் 40 வீதம் பேர் உறுப்பினராக இருந்தால்தான் முதலாளி அந்தச் சங்கத்தோடு பேசியாக வேண்டும். போர்டிங்கில் தங்கி, ஓரிரு வருடத்தில் ஊருக்குத் திரும்பும் பெண்களை வைத்து அந்தக் கணக்கை எட்டுவதற்குள், முதலில் பெயர் கொடுத்தவர்கள் யார் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

ஒன்றுசேர்ந்தால் நடக்கும் என்பதற்கும் இந்த வலயமே சாட்சி. தனியார் துறை ஓய்வூதிய மசோதாவை எதிர்த்து 2011 மே 30 அன்று இவர்கள் தெருவில் இறங்கினார்கள். போலீஸ் சுட்டதில் ரொஷேன் சானக்க என்ற இளம் தொழிலாளி இறந்தார். மசோதா திரும்பப் பெறப்பட்டது.

ஒருநாள் மேனேஜர் கூப்பிட்டார். தமிழ்ப் பிள்ளைகள் உங்களோடு மனம்விட்டுப் பேசுவார்களே, சங்கத்துக்கு யார் யார் பெயர் கொடுத்திருக்கிறார்கள் என்றார். எனக்கு மூன்று பெயர் தெரியும். தெரியாது என்றேன். என் வேலைக்கு இந்தத் தமிழும் ஒரு தகுதி என்பது அன்றுதான் உறைத்தது.

சங்கத்தில் இருப்பதற்காக ஆளை நீக்கக்கூடாது என்று அதே திருத்தம் சொல்கிறது. சரி, நீக்கவில்லை. இரண்டு வாரம் கழித்து அவளை மெஷினிலிருந்து எடுத்து நூல் வெட்டும் மேசையில் போட்டார்கள். ஓவர்டைமும் நின்றது. யார் சொன்னது என்று எனக்குத் தெரியாது. மறுநாள் காலை வாசலில் எதிர்ப்பட்டாள்.

“குட் மோர்னிங், சேர்.”